பிளவுபட்ட சமூகத்தில் வரலாறு கற்பித்தல்: சான்றில் தொடங்கி உரையாடலுக்குப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

நெடுநாள் பகையோடு இரு தரப்பு மக்கள் வாழும் நாட்டில் வரலாற்று ஆசிரியருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மாணவர் வெறும் மனதோடு வகுப்புக்கு வருவதில்லை. பாட்டி சொன்ன கதை, நினைவு நாள் ஊர்வலம், சுவர் ஓவியம், கைபேசியில் சுற்றும் காணொளி என்று ஒரு முழு வரலாறு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதில் தம் மக்கள் பட்ட துன்பம் நாள், நேரத்தோடு பதிந்திருக்கும். மற்ற தரப்பு பட்டது ஒரு வரிகூட இருக்காது. பாடநூல் சொல்வது அந்தக் கதைக்குத் தோதாக இருந்தால் தங்கும், இல்லாவிட்டால் தேர்வோடு போய்விடும். வட அயர்லாந்தில் கீத் பார்ட்டன், ஆலன் மெக்கல்லி என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களிடம் பேசிப் பார்த்து இதைத்தான் கண்டார்கள். பள்ளி வரலாற்றிலிருந்து தம் சமூகத்தின் கதைக்கு வலுச் சேர்க்கும் பகுதிகளை மட்டும் பொறுக்கியெடுத்துக்கொண்டவர்கள் அவர்களில் பலர்.

இந்தச் சிக்கலைக் கண்டு ஒதுங்கிய நாடுகள் உண்டு. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு பள்ளிகளில் நாட்டு வரலாறு கற்பிப்பதையே நிறுத்திவைத்தார்கள். லெபனானில் உள்நாட்டுப் போரை முடிக்க வந்த 1989 தாயிஃப் ஒப்பந்தம், எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்றது. அப்படியொரு நூலை எல்லோரும் ஏற்கும்படி கொண்டுவர முடியவில்லை. போஸ்னியாவிலோ ஆளுக்கொரு வரலாறு. 'ஒரே கூரையின் கீழ் இரு பள்ளிகள்' என்ற முறையில் குரோட் பிள்ளைகளும் போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்) பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு பாடத்திட்டம் படித்தார்கள். சில இடங்களில் நுழைவாயிலும் வேறு.

இன்னொரு வழி இருக்கிறது. எந்தக் கதை சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், ஒரு கதை எந்தச் சான்றுகளால் கட்டப்படுகிறது என்று மாணவருக்குக் காட்டுவது. இதில் வரிசைதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. நல்லெண்ணத்தோடு தொடங்கும் பலர் முதல் நாளே பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து "மனம்விட்டுப் பேசுங்கள்" என்கிறார்கள். பேச்சு அரை மணி நேரத்தில் சண்டையாகும், அல்லது எல்லோரும் நல்ல பிள்ளைகளாகப் பொய் பேசுவார்கள். முதலில் சான்றைக் கையாளப் பழக வேண்டும். பேச்சு அதற்கு அப்புறம்.

1. வகுப்புக்குள் போகும் முன்

எந்த நிகழ்வைக் கற்பிக்கப் போகிறீர்களோ அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எதையும் பார்க்காமல் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது எங்கிருந்து தெரியும் என்று குறியுங்கள்: ஆவணமா, நூலா, செய்தித்தாளா, வீட்டில் கேட்டதா. "எப்போதுமே தெரியும்" என்று எழுதத் தோன்றும் வரிகள்தான் கவனிக்க வேண்டியவை. ஆசிரியரும் ஏதோ ஒரு தரப்பில் பிறந்தவர்தான்; அது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மறைப்பதைவிட, எந்த வரியில் உங்கள் பிறப்பு பேசுகிறது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அடுத்து, எது விவாதத்துக்குரியது, எது இல்லை என்று பிரியுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் "இரு பக்கமும் கேட்போம்" என்ற பெயரில் பொய்க்கும் ஒரு நாற்காலி போட்டதாகிவிடும். 1995 ஜூலையில் போஸ்னியாவின் சிரெப்ரெனிட்சாவில் 8,000க்கு மேற்பட்ட போஸ்னியாக் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அது இனப்படுகொலை என்று முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயமும் பன்னாட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கின்றன. நடக்கவே இல்லை என்பது ஒரு தரப்பின் பார்வை ஆகாது, அது மறுப்பு. ஏன் நடந்தது, தடுக்கும் நிலையில் இருந்தவர்கள் ஏன் தடுக்கவில்லை, இன்று அதை எப்படி நினைவுகூர்வது என்பவை திறந்த கேள்விகள். ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்து 'நடந்தது', 'காரணம்', 'பொருள்' என்று தலைப்பிட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்திக்கு ஆதாரம் போதும். இரண்டாவதில் வாதம் வரும். மூன்றாவதில் மனிதர்கள் நியாயமாகவே வேறுபடுவார்கள்.

உங்கள் கருத்தை வகுப்பில் சொல்லலாமா என்ற கேள்விக்கு ஜெர்மானியர்களின் விடை எனக்குப் பிடிக்கும். 1976இல் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய அரசியல் கல்வியாளர்களின் பேச்சிலிருந்து மூன்று நெறிகள் உருவாயின. மாணவரைத் தன் கருத்தால் அமுக்கக் கூடாது. சமூகத்திலும் ஆய்வுலகிலும் சர்ச்சைக்குரியதை வகுப்பிலும் சர்ச்சைக்குரியதாகவே காட்ட வேண்டும். தன் நிலையைத் தானே அலசும் திறனை மாணவர் பெற வேண்டும். இந்த மூன்றையும் மீறாதவரை, கேட்டால் உங்கள் கருத்தைச் சொல்லலாம். கடைசியில், சான்றோடு, "நானும் தவறலாம்" என்ற இடம் விட்டு.

தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். என்ன கேள்வி, என்ன சான்றுகள், எத்தனை பாடவேளை என்று ஒரு பக்கம் போதும். பெற்றோர் யாராவது கோபமாக வரும் நாளில் அந்தப் பக்கம் உங்களைக் காக்கும். சில நாடுகளில் சில நிகழ்வுகளைப் பற்றிப் பேசுவதே சட்டப்படி ஆபத்து. அங்கே உங்கள் பாதுகாப்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும் முதலில்; திறனைத் தொலைவான நிகழ்வுகளின் வழியே கற்பித்தாலும் அது வீண்போகாது.

2. சில விதிகள்

நிறைய வேண்டாம். யாரும் தம் சமூகத்துக்காகப் பதில் சொல்லத் தேவையில்லை. பேசாமல் இருக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. எந்தக் கூற்றையும் பார்த்து "இது எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம், ஆசிரியரையும் கேட்கலாம். முதல் விதியை நீங்களே மீறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் மற்ற தரப்புப் பிள்ளை ஒருவர்தான் இருக்கிறார் என்றால் "உங்கள் ஆட்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?" என்று அவரிடம் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள்.

3. தொலைவிலிருந்து தொடங்குங்கள்

வகுப்பில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சண்டையை முதலில் எடுங்கள். எனக்குப் பிடித்தது 1775 ஏப்ரல் 19, லெக்சிங்டன். அமெரிக்க விடுதலைப் போரின் முதல் மோதல். கான்கார்டில் இருந்த ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றப் போன பிரிட்டிஷ் படை, விடியற்காலையில் லெக்சிங்டன் திடலில் உள்ளூர்க் குடிப்படையினரை (ஆயுதம் ஏந்திய ஊர் மக்களை) எதிர்கொண்டது. எங்கிருந்தோ ஒரு வெடி. பிறகு சரமாரி. குடிப்படையினர் 8 பேர் இறந்தார்கள். முதலில் சுட்டது யார்?

இரண்டு சான்றுகளை மட்டும் கொடுங்கள். ஒன்று, 34 குடிப்படையினர் ஏப்ரல் 25 அன்று கூட்டாகக் கையெழுத்திட்ட சத்தியவாக்குமூலம்: நாங்கள் கலைந்து போய்க்கொண்டிருந்தபோது படைவீரர்கள் எங்கள்மேல் சுட்டார்கள் என்கிறது. இன்னொன்று, அங்கே இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜான் பார்க்கரின் நாட்குறிப்பு: அவர்கள் ஒன்றிரண்டு வெடி சுட்டார்கள், உடனே எங்கள் ஆட்கள் ஆணை எதுவும் இல்லாமல் பாய்ந்து சுட்டார்கள் என்கிறது.

"34 பேர் சொல்கிறார்கள், சத்தியம் வேறு செய்திருக்கிறார்கள், அதனால் அதுதான் உண்மை" என்று பாதி வகுப்பு முதலில் சொல்லும். அப்போது இன்னொரு தகவலைக் கொடுங்கள்: இந்த வாக்குமூலங்களைப் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த அமெரிக்கக் குடியேற்றவாசிகளின் தலைவர்கள் திரட்டி, மக்கள் கருத்தைத் தம் பக்கம் திருப்ப வேகக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பினார்கள். பார்க்கரின் நாட்குறிப்போ அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறவே இல்லை. சரி, அப்படியானால் பார்க்கர் சொல்வதுதான் உண்மையா? அவரும் ஒரு தரப்பின் சீருடையில் நின்றவர்தானே? ஆனால் தம் வீரர்கள் ஆணை இல்லாமல் சுட்டார்கள் என்று அவரே எழுதுகிறார். தன் தரப்புக்குப் பாதகமாக ஒருவர் சொல்வதற்கு எடை கூடுதல் என்பதை மாணவர்கள் இந்த இடத்தில் தாமே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியில் யார் முதலில் சுட்டார் என்று தீர்மானிக்க முடியாது. இந்தப் பாடத்தின் பயனே அதுதான். யார் எழுதினார், எப்போது, யாருக்காக, எதை அடைய, வேறு சான்று ஒத்துப்போகிறதா என்ற ஐந்து கேள்விகளும் கைவந்துவிடும். "இந்தச் சான்றுகளை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது" என்பதும் ஒரு விடைதான் என்று பழகுவார்கள். இதற்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள்.

4. அருகில் வாருங்கள்

இப்போது உங்கள் சமூகத்தின் காயத்துக்கு வரலாம். எதையும் தீர்மானிப்பது நீங்கள் கேட்கும் கேள்வி. "குற்றவாளி யார்?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிளக்கும். "ஒரே நாளைப் பற்றி இவ்வளவு வேறுபட்ட பதிவுகள் ஏன்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி நின்று தேட முடியும்.

வட அயர்லாந்து இதற்கு நல்ல மாதிரி. அங்கே அயர்லாந்தோடு சேர விரும்பும், பெரும்பாலும் கத்தோலிக்கரான ஒரு தரப்பு; பிரிட்டனோடு இருக்க விரும்பும், பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகளான மறு தரப்பு. 1972 ஜனவரி 30 அன்று டெரி நகரில் நடந்த உரிமைப் பேரணியின்போது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். அந்த நகரின் பெயரிலேயே சண்டை இருக்கிறது: ஒரு தரப்புக்கு டெரி, மற்றதற்கு லண்டன்டெரி. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த, நீதிபதி விட்ஜரியின் அரசு விசாரணை அறிக்கை படையினரைப் பெரும்பாலும் விடுவித்தது. இறந்தவர்களில் சிலர் ஆயுதம் வைத்திருந்தார்கள் என்ற சந்தேகத்தையும் அப்படியே விட்டது. 1998இல் அரசு அமைத்த, நீதிபதி சாவில் தலைமையிலான விசாரணை 2010 ஜூன் 15 அன்று அறிக்கை தந்தது. சுடப்பட்டவர்களில் எவரும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையில் இல்லை என்றது. அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் அன்றே நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

38 ஆண்டு இடைவெளியில் ஒரே அரசின் இரண்டு அறிக்கைகள். முதலாவது சில வாரங்களில் முடிந்தது, இரண்டாவது 12 ஆண்டுகள் எடுத்தது. யாரிடம் கேட்டார்கள், யாரிடம் கேட்கவில்லை? அரசின் முத்திரை குத்திய தாளையும் அதே ஐந்து கேள்விகளால் சோதிக்கலாம் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய விடுதலை. அதேபோல், அன்று அயர்லாந்தோடு சேரப் போராடிய குடியரசு ஆயுதக் குழுவினர் சிலரும் சுட்டார்கள், ஆனால் படையினரின் செயலுக்கு அது நியாயமாகாது என்றும் சாவில் அறிக்கை பதிவு செய்கிறது. நல்ல சான்று எந்தத் தரப்புக்கும் முழு நிம்மதி தராது.

இந்த ஒரு நாளோடு நிறுத்திவிடக் கூடாது. அதே 1972, ஜூலை 21 அன்று பெல்ஃபாஸ்டில் அயர்லாந்துக் குடியரசுப் படை ஏறக்குறைய 20 குண்டுகளை வெடிக்கச் செய்ததில் 9 பேர் இறந்தார்கள். ஒன்றை மட்டும் கற்பித்தால், உங்கள் சான்றாராய்ச்சி எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், பாதி வகுப்பை நீங்கள் இழந்துவிடுவீர்கள். எந்தச் சாவு பாடமாகிறது, எது ஆவதில்லை என்பதைப் பிள்ளைகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டையும் தராசில் வைத்துச் சமன் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் சான்றோடு, அதனதன் கனத்தோடு படிக்க வேண்டும்.

5. இரு கதைகள், நடுவில் ஒரு வெற்றிடம்

இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓன், பாலஸ்தீனக் கல்வியாளர் சமி அத்வான் இருவரும் இரு தரப்பு ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பாடநூல் உருவாக்கினார்கள். பக்கத்தின் ஒரு ஓரத்தில் இஸ்ரேலியர் கதை, மறு ஓரத்தில் பாலஸ்தீனர் கதை. நடுவில் மாணவர் எழுத வெற்றுக் கோடுகள். இஸ்ரேல் உருவான 1948 ஒரு பக்கம் விடுதலைப் போர், மறு பக்கம் நக்பா, அதாவது பேரழிவு. இரு தரப்புக் கல்வி அமைச்சகங்களும் அதைப் பள்ளிகளில் அனுமதிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பக்க அமைப்பை யார் வேண்டுமானாலும் ஒரு வெற்றுத்தாளில் வரைந்துகொள்ளலாம்.

செய்யும் முறை இது. ஒவ்வொரு மாணவரும் மற்ற தரப்பின் கதையை, அந்தத் தரப்பினர் படித்தால் "ஆமாம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு பத்தி எழுத வேண்டும். கிண்டலோ, 'என்று கூறிக்கொள்கிறார்கள்' என்ற குத்தலோ கூடாது. இந்த வழிகாட்டியில் மிகக் கடினமான பயிற்சி இதுதான். மிகப் பயனுள்ளதும் இதுதான். ஏற்க வேண்டியதில்லை, சரியாகச் சொன்னால் போதும் என்று திரும்பத் திரும்ப நினைவூட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இரண்டு கதைகளோடு நின்றால் உலகில் இரண்டே கூட்டம்தான் என்ற எண்ணம் இறுகிவிடும். அதனால் நடுவில் உள்ள இடத்தை மூன்றாவது குரல்களால் நிரப்பச் சொல்லுங்கள். தன் தரப்பின் வன்முறையை எதிர்த்தவர், பக்கத்து வீட்டுக்காரரை ஒளித்து வைத்துக் காத்தவர், இரு தரப்புத் தலைமையும் கண்டுகொள்ளாத பெண்கள், கூலித் தொழிலாளர்கள். எந்தச் சமூகமும் ஒரே குரலில் பேசியதில்லை. அதைக் காட்டும் ஒரு கடிதமோ ஒரு துண்டறிக்கையோ உங்கள் பகுதி நூலகத்தில் எங்காவது இருக்கும், தேடி எடுங்கள்.

6. இப்போது பேசலாம்

பட்டிமன்றம் வைக்காதீர்கள். அதில் இரு அணி, ஒரு தீர்ப்பு, ஒரு கைத்தட்டல். பேச்சாளர் தன் மனதை மாற்றிக்கொண்டால் தோல்வி. இங்கே நமக்கு வேண்டியது நேர்மாறானது.

மூன்று சுற்றுகளாக நடத்துங்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தம்மை வியக்கவைத்த ஒரு சான்றைச் சொல்ல வேண்டும், கருத்து கூடாது. இரண்டாவதில் கேள்விகள் மட்டும். யாரும் பதில் சொல்ல வேண்டாம், கேள்விகளைப் பலகையில் எழுதினால் போதும். மூன்றாவது சுற்றுக்கு ஒரே கேள்வி: "எந்தச் சான்று கிடைத்தால் உன் எண்ணம் மாறும்?" எதுவுமே மாற்றாது என்று ஒருவர் சொன்னால் அதையும் மதித்துக் கேட்டுக்கொண்டு அடுத்தவரிடம் போங்கள்.

என்னதான் ஏற்பாடு செய்தாலும், ஒரு நாள் ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். "எங்க தாத்தாவை அவங்கதான் கொன்னாங்க சார். இதுக்கு என்ன சான்று வேணும் உங்களுக்கு?" வகுப்பு உறைந்துவிடும். அந்த நேரத்தில் உடனே அடுத்த பாடத்துக்குத் தாவக் கூடாது. "மற்ற தரப்பிலும் இறந்தார்களே" என்று சமன் செய்யவும் கூடாது. "சான்று எதுவும் வேண்டாம்ப்பா. உன் தாத்தாவைப் பற்றி இங்கே யாரும் வாதாடப் போவதில்லை" என்று சொல்லுங்கள். அவர் பேச விரும்பினால் பேசட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு வேறொரு நாள், அவர் இழப்பையும் "அவங்க எல்லாருமே இப்படித்தான்" என்ற பொதுக்கூற்றையும் பிரித்துப் பார்க்கலாம். முன்னது அவர் உரிமை. பின்னதுக்குத்தான் "எப்படித் தெரியும்?" என்ற கேள்வி.

தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1998இல் தந்த அறிக்கை இதற்கு ஒரு நல்ல கருவி தருகிறது. உண்மையை அது நான்காகப் பிரிக்கிறது: ஆவணத்தாலும் தடயத்தாலும் நிறுவப்படுவது, ஒருவர் தாம் பட்டதைச் சொல்வது, பலர் கலந்து பேசுவதில் விளைவது, காயத்தை ஆற்ற உதவுவது. இந்த நான்கையும் பலகையில் எழுதி வைத்துவிட்டால், "இப்போது எந்த உண்மையைப் பேசுகிறோம்?" என்று மாணவர்களே கேட்கத் தொடங்குவார்கள். தாத்தாவின் கதையை ஆவணக் கேள்வியால் குத்தும் கொடுமை அதோடு நிற்கும்.

7. வீடும் மறு கரையும்

வீட்டுப் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்யும் வாய்மொழி வரலாற்றுப் பயிற்சி நல்லது. ஆனால் சண்டை நாட்களைப் பற்றி நேரடியாகக் கேட்கச் சொல்லாதீர்கள். பழைய புண்ணை ஒரு பதினாலு வயதுப் பிள்ளை தனியாகக் கிளறக் கூடாது. "சண்டைக்கு முன் இந்தத் தெருவில் யார் யார் இருந்தார்கள், எந்தப் பள்ளிக்குப் போனீர்கள், யாரோடு விளையாடினீர்கள்?" என்பது போதும். ஒப்புதல் இல்லாமல் எதையும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம்.

பிளவுபட்ட இடங்களில் பெரும்பாலும் பள்ளிகளும் பிரிந்தே இருக்கும். வட அயர்லாந்தில் இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் முதல் ஒருங்கிணைந்த பள்ளியான லாகன் கல்லூரி 1981இல் 28 மாணவர்களோடு தொடங்கியது. இன்றும் அத்தகைய பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. எனவே மறு தரப்புப் பள்ளியோடு ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்ய நினைப்பது இயல்பு. ஆனால் வெறும் சந்திப்பு போதாது. 1954இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்னது இன்றும் நல்ல அளவுகோல்: இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொது இலக்கு வேண்டும், ஒத்துழைத்தால்தான் முடியும் வேலை வேண்டும், மேலிருப்பவர்களின் ஆதரவு வேண்டும். தேநீரும் கைகுலுக்கலும் அல்லாமல், சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள். ஒரே நாளில் வந்த இரு மொழிச் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தை ஒப்பிட்டு ஒரு கண்காட்சிப் பலகை தயாரிக்கலாம். எந்தப் பக்கத்தில் கூடுவது என்பதே தகராறானால் சைப்ரஸைப் பாருங்கள்: அதன் தலைநகர் நிக்கோசியாவில் கிரேக்க, துருக்கிய சைப்ரியர் என்ற இரு தரப்பு வரலாற்று ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் நடத்தும் சங்கம், இரு தரப்பையும் பிரிக்கும் ஐ.நா. இடைப்பகுதியிலேயே ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பித்து 2011இல் 'ஒத்துழைப்பு இல்லம்' திறந்தது. இரு புறத்திலிருந்தும் வருபவர்கள் நடுவில் கூடுகிறார்கள்.

8. மதிப்பெண்

மாணவர் எந்த முடிவுக்கு வந்தார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குப் பிடித்ததை எழுதுவார்கள். இதுவரை பார்க்காத ஒரு சான்றைக் கொடுத்து, யார், எப்போது, யாருக்காக என்று அலசச் சொல்லுங்கள். மறு தரப்பின் கதையை நியாயமாகச் சொல்லியிருக்கிறாரா, தன் கூற்றின் உறுதியைச் சான்றின் அளவுக்கு நிறுத்தியிருக்கிறாரா என்று பாருங்கள். 'நிச்சயமாக', 'அநேகமாக', 'சொல்ல முடியாது' ஆகிய சொற்களைச் சரியான இடத்தில் போட்டிருப்பவருக்குத் தாராளமாக மதிப்பெண் கொடுங்கள். பொதுத்தேர்வு மனப்பாடத்தைத்தான் கேட்கிறது என்றால் அதற்கும் தயார் செய்யத்தான் வேண்டும். அந்த மனப்பாடப் பகுதியையே ஒரு சான்றாக வைத்து அதே ஐந்து கேள்விகளைக் கேட்டால் இரண்டும் நடக்கும்.

9. நேரம் இல்லாதபோது

முழுதாகச் செய்ய எட்டுப் பாடவேளை வேண்டும்: லெக்சிங்டன் போன்ற தொலைவு நிகழ்வுக்கு இரண்டு, உங்கள் நிகழ்வின் சான்றுகளுக்கு மூன்று, இரு கதைப் பயிற்சிக்கு ஒன்று, பேச்சுக்கு இரண்டு. பேச்சுக்கான இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். நடுவில் ஓரிரவாவது இருக்கட்டும். நான்குதான் கிடைக்கும் என்றால் சான்றுகளில் ஒன்றையும் பேச்சில் ஒன்றையும் வெட்டுங்கள், வீட்டில் எழுத முடிவதை வீட்டுக்கு அனுப்புங்கள், தொலைவு நிகழ்வை ஒரே வேளையில் முடியுங்கள். ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு வேளைதான் என்றால் உரையாடலைத் தொடவே தொடாதீர்கள், உங்கள் நிகழ்வையும் எடுக்காதீர்கள். லெக்சிங்டனின் இரண்டு சான்றுகளைப் பலகையில் எழுதிப்போட்டு, முதல் அரை மணி நேரம் எதுவும் விளக்காமல் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். நகல் எடுக்க வசதி இல்லாத, அறுபது பேர் இருக்கும் வகுப்பிலும் இது முடியும்.